மலரும் மரபும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரே வைரஸ் ஓர் ஊரிலுள்ள எல்லாத் தேனீப் பெட்டிகளுக்குள்ளும் நுழைகிறது. சில பெட்டிகள் சில வாரங்களில் வெறுமையாகின்றன. சில பெட்டிகள் தளர்ந்து பின்னர்த் தேறுகின்றன. இவ்வேறுபாடு எதனால் ஏற்படுகிறது? வைரஸை மட்டும் ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு முழுமையான விடை கிடைக்காது. தேனீ உண்ட உணவையும் அது தன் முன்னோரிடமிருந்து பெற்ற மரபையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். அவ்விரண்டையும் விளக்குவது இப்பாடம்.

மலையிலிருந்து முற்றத்திற்கு

சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு, தேன் எனப் பூவை நாடும் சிற்றுயிர்களுக்குப் பல பெயர்களை வழங்கிய மொழி தமிழ். இன்று உண்ணும் பொருளைக் குறிக்கும் ‘தேன்’ என்னும் சொல், பழந்தமிழில் அதனை ஈட்டும் உயிரையும் குறித்தது. தேனெடுத்தல் குறிஞ்சி நில மக்களின் தொழில்களுள் ஒன்றாகும்.

மலையில் தேடி எடுத்த தேனை வீட்டு முற்றத்திலேயே பெறும் வழி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் பரவியது. திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், இந்தியத் தேனீக்கு ஏற்ற மரப்பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர், குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பின் நடுவிடமாயிற்று. சிறிதளவே நிலமுடையோரும் நிலமே இல்லாதோரும் தேனீப் பெட்டிகளை நம்பி வாழத் தொடங்கினர்.

குமரியில் நேர்ந்த இழப்பு

1991, 1992ஆம் ஆண்டுகளில் அவ்வாழ்வுக்குப் பேரிடர் நேர்ந்தது. ‘தாய்லாந்து சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட அந்நோய், 1970களின் இறுதியில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியை அடைந்து, பின்னர் வட மாநிலங்களில் பரவி, இறுதியாகத் தெற்கே வந்து சேர்ந்தது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. நாளும் பொழுதும் இரைந்துகொண்டிருந்த பெட்டிகள் அமைதியாயின.

தேனீ வளர்ப்போரிடம் அதற்கு மருந்து இல்லை. பாக்டீரியாக்களை அழிக்கும் மருந்துகள் வைரஸிடம் பயன்படுவதில்லை. சிலர் தொழிலைக் கைவிட்டனர். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். வேறு சிலர், அழியாமல் எஞ்சிய ஒன்றிரண்டு கூட்டங்களைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தனர்; அவற்றைப் பிரித்துப் பெருக்கினர். குமரியில் இந்தியத் தேனீ வளர்ப்பு மீண்டும் தழைத்ததற்கு அவ்வாறு எஞ்சியவையே வித்தாயின.

பெரும்பாலானவை அழிந்தபோது சில மட்டும் எஞ்சியது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும்.

நோய் பரவும் வழி

தேனீக்களைத் தாக்கும் வைரஸ்கள் இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் சாக்புரூட் வைரஸ் புழுப்பருவத்தைத் தாக்குவது. செவிலித்தேனீ ஊட்டும் உணவின் வழியாக அது இளம்புழுவின் உடலுக்குள் செல்கிறது. புழு வளர்கிறது; அதன் அறையும் மெழுகால் மூடப்படுகிறது. ஆயினும், கூட்டுப்புழுவாக மாறுவதற்காகத் தன் இறுதித் தோலை உரிக்க அப்புழுவால் இயலுவதில்லை. உரியாத தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் சேர்கிறது. இறந்த புழுவை இடுக்கியால் எடுத்தால், அது நீர் நிறைந்த சிறு பைபோலத் தொங்கும். நோயின் ஆங்கிலப் பெயரும் ‘பை போன்ற புழு’ என்னும் பொருளையே தருகிறது.

இறந்த புழுவை அகற்ற வரும் இளந்தேனீக்களின் உடலுக்குள்ளும் வைரஸ் நுழைகிறது. அது அவற்றைக் கொல்வதில்லை. அவற்றின் தலையிலுள்ள உணவுச் சுரப்பிகளில் தங்கி, அவை ஊட்டும் அடுத்த புழுக்களுக்குப் பரவுகிறது. நோய்த்தொற்றுற்ற தேனீ மகரந்தம் உண்பதை விட்டுவிடும். புழுக்களைப் பேணும் பணியையும் விடுத்து, உரிய வயதுக்கு முன்னரே கூட்டைவிட்டு வெளிப்பணிக்குச் செல்லும். இவ்வாறு, வைரஸின் தாக்குதல் தேனீயின் உணவுப் பழக்கத்தையே மாற்றிவிடுகிறது. உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு இங்கிருந்தே தொடங்குகிறது.

தெரியுமா?
ஒரே வைரஸ் எல்லாத் தேனீ இனங்களையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. சாக்புரூட் நோய் இத்தாலியத் தேனீயிடம் பெரும்பாலும் மென்மையாக வந்து போகும். இந்தியத் தேனீயிடமோ பேரழிவை விளைவிக்கும். மாறாக, வரோவா என்னும் உண்ணி இந்தியத் தேனீயிடம் பெருந்தீங்கு செய்வதில்லை. அது நெடுங்காலமாக அவ்வுண்ணியோடு வாழ்ந்து பழகிய இனம். இத்தாலியத் தேனீயிடம் அதே உண்ணி, சிறகுகளைச் சிதைக்கும் வைரஸையும் பரப்பிக் கூட்டத்தையே அழிக்கிறது.

தேன் மிகுந்தும் பசி

தேனீயின் உணவு இரு வகைப்படும். ஒன்று, செடிகொடிகளில் ஊறும் இனிய நீராகிய மதுரம். மற்றொன்று மகரந்தம். மதுரம் தேனாகிப் பறக்கவும் கூட்டின் வெம்மையைக் காக்கவும் ஆற்றல் தருகிறது. உடலைக் கட்டும் புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு ஆகியவை மகரந்தத்திலிருந்தே கிடைக்கின்றன. செவிலித்தேனீ மகரந்தத்தை உண்டுதான் புழுக்களுக்குரிய உணவைத் தன் சுரப்பிகளில் ஊறச் செய்கிறது.

எல்லா மகரந்தமும் ஒரே தன்மையுடையது அன்று. செடிக்குச் செடி அதன் புரத அளவு 2.5 விழுக்காடு முதல் 61 விழுக்காடு வரை வேறுபடுகிறது. தேனீயின் வளர்ச்சிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் பத்து. அவை பத்தும் உரிய அளவில் ஒரே பூவில் அமைதல் அரிது. ஒரு பூவில் குறைவதை மற்றொரு பூ நிறைவு செய்கிறது. ஆகவே, பல பூக்கள் மலரும் நிலமே தேனீக்கு நிறைவான உணவைத் தருகிறது.

குமரி மாவட்டத்தின் நிலையை இங்கு நினைத்துப் பார்த்தல் தகும். அங்குத் தேன் மிகுதியாகக் கிடைப்பது ரப்பர்த் தோட்டங்களில். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடுமிடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறுகிறது. அது பூவிலிருந்து வருவதன்று, இலைக்காம்பிலிருந்து வருவது. ஆகவே, அம்மதுரத்தோடு மகரந்தம் கிடைப்பதில்லை. அடைகள் தேனால் நிறைந்திருக்கும்போதே, சுற்றுப்புறத்தில் வேறு பூக்கள் இல்லையெனில், அக்கூட்டம் புரதப் பசியோடு இருக்கக்கூடும். தேனெடுப்புக் காலம் முடிந்து மழை தொடங்கும்போது உணவுப் பற்றாக்குறை மேலும் கடுமையாகிறது. அப்போது ஊட்டப்படும் சர்க்கரைப் பாகு உயிரைத் தாங்கும், உடலைக் கட்டாது.

உணவே அரண்

நம் உடலில் நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உள்ளன. தேனீக்கு அவை இல்லை. அதன் உயிரணுக்கள் வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை அடையாளங்கண்டு துண்டு துண்டாக நறுக்குகின்றன. அதன் வயிற்றுப் பகுதியிலுள்ள கொழுப்புத் திசு, புரதத்தைச் சேமிக்கும் களஞ்சியமாகவும் நோயெதிர்ப்புப் பொருள்களை ஆக்கும் பட்டறையாகவும் விளங்குகிறது. களஞ்சியம் வெறுமையானால் பட்டறையும் ஓய்ந்துவிடும். அக்களஞ்சியத்தை நிரப்புவது மகரந்தம்.

இதனை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கூண்டில் வளர்த்த தேனீக்களுள் ஒரு பிரிவுக்குச் சர்க்கரைப் பாகு மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவுக்கு மகரந்தமும் தரப்பட்டது. சிறகு சிதைக்கும் வைரஸின் அளவு, பாகு மட்டும் உண்ட தேனீக்களிடம் மிகுந்தும் மகரந்தம் உண்டவற்றிடம் குறைந்தும் காணப்பட்டது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, முடக்குவாத வைரஸ் ஒன்றைத் தேனீக்களுக்குச் செலுத்தி உணவின் தரத்தை ஒப்பிட்டது. தரமான மகரந்தத்தையோ பல பூக்களின் மகரந்தக் கலவையையோ உண்ட தேனீக்களிடையே இறப்புக் குறைந்தது.

மகரந்தத்தின் பயன் புரதத்தோடு முடிவதில்லை. அதன் புறவுறையிலுள்ள பாரா கூமரிக் அமிலம், நஞ்சை முறிக்கும் மரபணுக்களையும் நோயெதிர்ப்பு மரபணுக்கள் சிலவற்றையும் தூண்டுகிறது என்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. தூய சர்க்கரைப் பாகில் இவ்வமிலம் இல்லை.

மரபு தரும் வலிமை

இருப்பினும், ஒரே தோட்டத்தில் ஒரே பூக்களை நாடிய இரு கூட்டங்களுள் ஒன்று அழிய மற்றொன்று பிழைப்பதுண்டு. உணவு மட்டும் இதனை விளக்காது. இங்கு மரபின் பங்கை நோக்குதல் வேண்டும்.

தேனீயின் மரபணுத் தொகுதி 2006இல் முழுமையாக வெளியிடப்பட்டது. நோயெதிர்ப்புக்கான மரபணுக்கள் பழ ஈயிடம் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தேனீயிடம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். பல்லாயிரம் உயிர்கள் நெருங்கி வாழும் கூட்டுக்கு இத்துணைக் குறைவான தற்காப்பு எவ்வாறு போதும்? தேனீக்கள் தனித்தனியே போரிடுவதோடு கூட்டமாகவும் நோயை எதிர்க்கின்றன என்பது இதற்குரிய விளக்கங்களுள் ஒன்று.

கூட்டமாக எதிர்க்கும் வழிகளுள் முதன்மையானது தூய்மைப் பண்பு. நோயுற்ற புழுவை மணத்தால் அறிந்து, அறையின் மெழுகு மூடியைத் திறந்து, புழுவை வெளியேற்றுதலே அப்பண்பு. அமெரிக்க அறிஞர் வால்டர் ரோத்தன்பியூலர் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதன் மரபுவழியை விளக்கியது. அவர் ஆராய்ந்தது பாக்டீரியாவால் வரும் புழு அழுகல் நோயை. தூய்மைப் பண்புடைய தேனீக்களையும் அஃதில்லாத தேனீக்களையும் அவர் கலப்புறச் செய்தார். பிறந்த கூட்டங்களுள் சில மூடியைத் திறந்தன, புழுவை அகற்றவில்லை. சில, மூடியை மனிதர் திறந்துவைத்தால் மட்டும் புழுவை அகற்றின. திறத்தலும் அகற்றலும் தனித்தனி மரபுப் பண்புகள் என்பது இதனால் புலப்பட்டது. இதில் மேலும் பல மரபணுக்கள் பங்கேற்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

தடுத்தலும் தாங்குதலும் வேறு வேறு என்பதும் அறியத்தக்கது. வைரஸ் உடலில் பெருகாமல் காப்பது தடுக்கும் வலிமை. வைரஸ் பெருகினும் அதன் தீங்கைப் பொறுத்துக்கொண்டு வாழ்வது தாங்கும் வலிமை. சிறகு சிதைக்கும் வைரஸைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வொன்று, தேனீக்களின் மரபினம் நோய்க்குறியின் கடுமையை மாற்றியதையும், உடலிலிருந்த வைரஸின் அளவை மாற்றாததையும் கண்டறிந்தது. ஆகவே, வைரஸின் அளவை மட்டும் கொண்டு ஒரு கூட்டத்தின் நலத்தை அளவிட இயலாது.

தெரியுமா?
ராணித்தேனீ தன் இளமையில் மேற்கொள்ளும் மணப்பறத்தலின்போது பத்துக்கும் மேற்பட்ட ஆண்தேனீக்களோடு கூடுவது வழக்கம். ஆகவே, ஒரே தாயின் பிள்ளைகளாகிய வேலைக்காரத் தேனீக்கள் பல தந்தையரின் மரபைப் பெற்றவை. ஒரு நோய்க்கு எளிதில் ஆட்படும் தேனீக்களும் அதனை எதிர்த்து நிற்கும் தேனீக்களும் ஒரே கூட்டில் வாழ்கின்றன.

உணவும் மரபும் கூடுமிடம்

உணவும் மரபும் தனித்தனியே இயங்குபவை அல்ல. இதற்குத் தேன்கூட்டிலேயே சிறந்த சான்று உண்டு. ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து தோன்றுபவை. புழுப்பருவம் முழுவதும் அரசக்கூழை நிறைவாக உண்ட புழு ராணியாகிறது. சில நாள்களுக்குப் பின் எளிய உணவுக்கு மாற்றப்பட்ட புழு வேலைக்காரத் தேனீயாகிறது. எந்த மரபணு விழித்தெழ வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை இங்கு உணவே முடிவு செய்கிறது.

நோயெதிர்ப்பிலும் இவ்வுறவு உண்டு. நல்ல மரபு என்பது விதை. நல்ல உணவு என்பது நீர். தூய்மைப் பண்புடைய கூட்டமாயினும் செவிலித்தேனீக்கள் பசியால் மெலிந்திருந்தால், நோயுற்ற புழுக்களை உரிய காலத்தில் அகற்றப் போதிய தேனீக்கள் இரா. நிறைவாக உண்ட கூட்டமாயினும் மரபில் எதிர்ப்பாற்றல் இல்லையெனில், கடுமையான நோயின்முன் அது நெடுநாள் நிற்றல் அரிது.

குமரியில் எஞ்சிய கூட்டங்களைப் பெருக்கியோர் ஆய்வகத்தின் துணையின்றியே மரபுத் தேர்வைச் செய்தனர். ஆயினும் அவ்வழியிலும் ஓர் இடர் உண்டு. ஒன்றிரண்டு கூட்டங்களிலிருந்து மட்டும் எல்லாக் கூட்டங்களையும் உருவாக்கினால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும். அப்போது கருவுற்ற முட்டைகளுள் ஒரு பகுதி, பயனற்ற ஆண் புழுக்களாகிவிடும். வேலைக்காரத் தேனீக்கள் அவற்றை உண்டுவிடும். அடையில் ஆங்காங்கே வெற்றறைகள் தோன்றும், கூட்டம் மெலியும். ஆகவே, நோயை எதிர்த்து நின்ற கூட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே, பல ஊர்களின் கூட்டங்களிலிருந்தும் தேர்ந்தெடுத்துப் பன்மையைக் காத்தல் வேண்டும்.

நம் பங்கு

தேனீக்களைத் தாக்கும் வைரஸ்களை உலகிலிருந்து முற்றிலும் நீக்குதல் இயலாது. எனினும், தேனீ எதை உண்ண வேண்டும், எந்தக் கூட்டம் பெருக வேண்டும் என்னும் இரண்டும் பெருமளவு மனிதரின் கையில் உள்ளன. தென்னை, முருங்கை, எள், சூரியகாந்தி, மக்காச்சோளம் போன்றவை மகரந்தம் தருபவை. களை என்று நாம் அகற்றும் தொட்டாற்சுருங்கியும் தேனீக்கு மகரந்தக் களஞ்சியம். வரப்பில் பூக்கும் செடிகளை விட்டுவைத்தல், பூக்கும் வேளையில் பூச்சிக்கொல்லி தெளிக்காதிருத்தல், நோயுற்ற அடைகளை வேறு பெட்டிகளுக்கு மாற்றாதிருத்தல், தேன் முழுவதையும் எடுத்துவிடாமல் கூட்டத்திற்கும் ஒரு பங்கை விட்டுவைத்தல் ஆகியன எளிய கடமைகள்.

மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாகும். அக்குறியீட்டுக்குப் பின்னால், வெறுமையான பெட்டிகளின் நடுவே எஞ்சிய ஒரு கூட்டத்தைக் கைவிடாமல் காத்த எளிய மக்களின் பொறுமை உள்ளது. அடுத்த நோய் வருமுன், அக்கூட்டங்களின் வழிவந்த தேனீக்களுக்கு ஆண்டு முழுவதும் பூக்கள் கிடைக்கச் செய்வது நம் பொறுப்பு.

சொல்லும் பொருளும்

மதுரம் – செடிகொடிகளில் ஊறும் இனிய நீர்
அடை – தேனீக்கள் மெழுகால் கட்டும் அறைகளின் தொகுதி
செவிலித்தேனீ – புழுக்களுக்கு உணவூட்டும் இளம் வேலைக்காரத் தேனீ
அரசக்கூழ் – செவிலித்தேனீயின் சுரப்பிகளில் ஊறும் உணவு
அரண் – காவல்
மரபினம் – ஒரே மரபுப் பண்புகளைக் கொண்ட பிரிவு

இலக்கணக் குறிப்பு

நாளும் பொழுதும், உணவும் மரபும் – எண்ணும்மைகள்
எஞ்சிய கூட்டங்கள், நிறைந்த பை – பெயரெச்சங்கள்
உரியாத தோல் – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

காத்தனர் = கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி வளாகத்தில் எந்தெந்த மாதங்களில் எந்தெந்தச் செடிகள் பூக்கின்றன என்பதை அட்டவணைப்படுத்துக. பூக்கள் குறைந்த மாதங்களில் மலரும் செடிகளைக் கண்டறிந்து நடுக.
2. உங்கள் பகுதியில் தேனீ வளர்க்கும் ஒருவரைச் சந்தித்து, உணவு குறைந்த காலத்தில் அவர் கூட்டங்களைப் பேணும் முறையைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. ‘சாக்புரூட்’ என்னும் பெயர் நோயின் எத்தன்மையைக் குறிக்கிறது?
2. தடுக்கும் வலிமை, தாங்கும் வலிமை – வேறுபடுத்துக.

சிறுவினா
1. அடைகள் தேனால் நிறைந்திருப்பினும் தேனீக் கூட்டம் பசித்திருக்கக்கூடும் என்பதை ரப்பர்த் தோட்டத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. தூய்மைப் பண்பு மரபுவழி வருவது என்பதை ரோத்தன்பியூலரின் ஆய்வு எவ்வாறு காட்டியது?

நெடுவினா
வைரஸ் நோயைத் தேனீக்கள் எதிர்கொள்வதில் உணவும் மரபும் பெறும் இடத்தை ஆராய்ந்து, குமரி மாவட்டத் தேனீ வளர்ப்போரின் பட்டறிவோடு பொருத்திக் கட்டுரை வரைக.